சாமிக்கு ஒரு பிரதி

எங்கள் மாத இதழின் முதல் பிரதி சாமிக்குத்தான் போகும். தாராவி அச்சகத்தில் பைண்டிங் முடிந்ததும் முதல் பிரதியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். முதலாளி அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மாதுங்காவில் தன் வீட்டுப் பூஜை அறையில் வைப்பார். அடுத்த இதழ் வந்ததும் பழையது பூஜை அறை பீரோவுக்குள் போகும். அவர் இரும்பு வியாபாரி. புதுக் கணக்கைப் பூஜையில் வைக்கும் பழக்கம் பத்திரிகைக்கும் தொற்றிக்கொண்டது. எனக்கு அதில் ஒரு ஆட்சேபமும் இருந்திருக்காது, சாமி முன்னால் வைக்கும் புத்தகத்தில் முட்டை என்ற வார்த்தையே வரக் கூடாது என்று அவர் சட்டம் போடாமல் இருந்திருந்தால்.

எண்பதுகளில் அந்த இதழுக்கு நான்தான் ஆசிரியர். ஆசிரியர் என்று அட்டைக்குள் அச்சாகும். நடைமுறையில் புரூஃப் பார்ப்பது, விளம்பரத்துக்கு அலைவது, சமையல் பக்கம் எழுதுவது, வாசகிகளின் சந்தேகத்துக்குப் பதில் சொல்வது எல்லாம் என் தலையில்தான். சமையல் பக்கத்தால்தான் இதழ் விற்றது. அந்தப் பக்கத்தால்தான் எனக்குத் தலைவலியும் வந்தது. பூண்டு ஊறுகாயைப் பூண்டு போடாமல் செய்ய முடியுமா என்று செம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். முடியாது என்று எழுதினேன். நான் மரியாதையில்லாமல் பதில் சொன்னதாக முதலாளியிடம் புகார் போனது.

அச்சகம் இருந்த அதே சந்தில், தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தவரின் மனைவி இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். கல்யாண வீடுகளுக்கு ஆர்டர் எடுத்து வட்டலப்பம் செய்து கொடுப்பார். தேங்காய்ப் பால், முட்டை, சர்க்கரை, ஏலக்காய், நெய்யில் வறுத்த முந்திரி. ஆவியில் வேகவைத்தால் அல்வாவைவிட மென்மையாக வரும். ஒரு பெருநாளன்று அச்சகத்துக்கு ஒரு தட்டு அனுப்பியிருந்தார். புரூஃப் பார்த்துக்கொண்டே தின்ற நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் வீட்டுக்கே போய்விட்டேன்.

"செய்முறை கேக்கியளே, நான் சொன்னபடியே போடுவியளா? எங்க பக்குவத்த மாத்தப்படாது, பாத்துக்கிடுங்க" என்றார்.

"ஒரு எழுத்துகூட மாறாதுக்கா" என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர் பெயரும் தெருவும் சேர்த்துப் போடச் சொன்னார். குர்லா, ஆண்டாப் ஹில் பக்கமிருந்தும் ஆர்டர் வரும் என்பது அவர் கணக்கு. முட்டைக்காக முதலாளியிடம் சண்டை போட வேண்டியிருக்கும் என்று தெரிந்தே எழுதிக் கொடுத்தேன். கடைசி புரூஃபிலும் முட்டை பத்திரமாக இருந்தது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு போனேன். முதலாளி அவ்வளவு சுலபத்தில் விடுவாரா? மறுநாள் காலை கடைக்குப் போகிற வழியில் அச்சகத்தில் இறங்கி, சிவப்புப் பேனாவால் முட்டையை எல்லா இடத்திலும் அடித்துவிட்டு மைதா என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இதழ் கைக்கு வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

"முட்டை எதுக்கும்மா? கெட்டியாறதுக்குத்தானே? மைதா போட்டாலும் கெட்டியாகும். ஆத்துல கேட்டுட்டுத்தான் மாத்தினேன்" என்றார். தவறு செய்தவர் முகமாகவே இல்லை.

கெட்டியாகத்தான் ஆனது. நவராத்திரிக்குப் புதிதாக ஏதாவது செய்ய ஆசைப்பட்ட செம்பூர் மாதர் சங்கத்தார் ஒரு பெரிய பாத்திரம் நிறைய அதைச் செய்து வைத்து, கொலுவுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தின்றவர்கள் வாயைத் திறக்கச் சிரமப்பட்டார்களாம். எங்கள் அச்சகத்தில் அட்டை ஒட்டுவதற்கு இதே மைதாவைத்தான் காய்ச்சுவார்கள். சங்கத் தலைவி போனில் என்னைப் பிடி பிடியென்று பிடித்தார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன்.

செய்முறை தந்த தாராவி அக்கா நேராக அலுவலகத்துக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"யம்மா, நான் எப்ப மைதான்னு சொன்னேன்? முட்டை செலவ மிச்சம் புடிக்க மைதாவக் கலக்குறது ஏமாத்துக்காரி செய்யுத வேல. எங்க ஆளுவ மத்தியில அதவிடக் கேவலம் கிடையாது. என் பேரப் போட்டு, தெருவப் போட்டு, இவ ஏமாத்துக்காரின்னு அச்சடிச்சு வித்திருக்கிய. குர்லாவுல ஒரு கல்யாணம், மாப்பிள வீட்டுக்காரவ இந்தப் புஸ்தகத்தக் காட்டி ஆர்டர் வேண்டாம்னுட்டாவ. இனி யாரு என்னைக் கூப்பிடுவா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாக்குக் கொடுத்தது நான், மாற்றியது அவர், பெயர் கெட்டது இந்தம்மாவுக்கு. அப்போதே முதலாளியின் கடைக்குப் போய், அடுத்த இதழில் திருத்தம் போட வேண்டும் என்றேன்.

"தாராளமா போடுங்கோ. லஃப்டா, வம்பெல்லாம் எதுக்கு? அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்."

"முட்டைன்னு சொல்லாம எப்படி சார் திருத்தம் போடறது?"

"வேற மாதிரி சொல்லுங்கோ. நீங்க எழுதறவாதானே?"

அவரே ஒரு வாசகமும் தயார் செய்துவிட்டார்: 'சென்ற இதழ் வட்டலப்பத்தில் மைதா கிடையாது. உரிய பொருளை வாசகர்கள் அறிவார்கள்.' அறிந்திருந்தால் ஏன் பசை காய்ச்சப் போகிறார்கள்? கேட்டேன். பெருமாள்கிட்ட வைக்கிற புஸ்தகம்மா என்று ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றார். அந்தக் கடையில் அடுக்கியிருந்த இரும்புக் கம்பியில் தலையை முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது புத்தி வேலை செய்தது. முதலாளி அச்சில் வந்த இதழைப் புரட்டுவது சாமிக்கு வைக்கும் பிரதியில் மட்டும்தான். அதற்குமேல் அவருக்கு விலையும் விளம்பரமும் போதும். தாராவியில் இறங்கி, அச்சகத்தில் எழுத்து கோக்கும் கம்பாசிட்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் முதலாளியின் சிவப்புப் பேனாமேல் பழைய கோபம் இருந்தது. திருத்தம் வரவேண்டிய இடத்தில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் குறிப்பை அடுக்கி, முதலாளிக்குப் புரூஃபாகவும் அதையே காட்டி, அந்தப் பக்கத்தை ஒரே ஒரு தாள் ஓட்டினார். பிறகு மெஷினை நிறுத்தி, குறிப்பைக் கழற்றிவிட்டுத் திருத்தத்தைப் பூட்டினார். 'தேவையானது முட்டை. மைதா துளிகூடச் சேர்க்கக் கூடாது. தவறு இதழுடையது, செய்முறை தந்தவருடையது அல்ல' என்று கொட்டை எழுத்தில் மற்ற எல்லாப் பிரதிகளிலும் வந்தது. விளக்கு துலக்கும் பிரதி பூஜை அறைக்குப் போனது.

மாதுங்காவில் இதெல்லாம் மறைந்து நிற்குமா? இதழ் கடைக்கு வந்த வாரமே யாரோ கோயிலில் வைத்து முதலாளியிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கூப்பிட்டு அனுப்பினார். வேலை போயிற்று என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனேன்.

"சாமிகிட்ட இருக்கற காப்பில அந்த வார்த்தை இருக்கோ?"

"இல்லை சார்."

"அப்போ சரி. இனிமே அப்படியே பண்ணிடுங்கோ."

அவ்வளவுதான். நான் எதற்காக இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தினேன் என்று எனக்கே புரியவில்லை. அதன்பிறகு நான் அங்கே இருந்தவரை, சாமிக்கு ஒரு பிரதி, மனிதர்களுக்கு மற்றவை என்றே இதழ் நடந்தது. ஆம்லெட், மீன் குழம்பு, பூண்டு ரசம் எல்லாம் வந்தன. சாமி பிரதியில் விளக்கு துலக்கி, கோலம் போட்டு, கற்பூரம் கெடாமல் பாதுகாக்கக் குறிப்பு எழுதி எனக்குக் கை ஓய்ந்தது.

தாராவி அக்காவுக்கு ஆர்டர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. குர்லாவில் வேறொரு கல்யாணத்துக்கே கூப்பிட்டார்கள். அன்றைக்கு அச்சகத்துக்கு ஒரு கிண்ணம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பிரதியை மாற்றி முதலாளி கண்ணில் மண்ணைத் தூவிய கதையை நடித்தே காட்டினேன். கம்பாசிட்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"அப்போ உங்க சாமிக்கு மட்டும் நான் இன்னமும் மைதா போடுதவதான், என்னம்மா?"

ஸ்பூனைக் கிண்ணத்திலேயே வைத்தேன். மூலைக்கு மூலை மஞ்சள் தடவிய அந்த மைதா இதழ் மாதுங்கா பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. அதைத் திருத்திய பிரதி ஒன்றுகூட அந்தப் பூஜை அறைக்குள் போகவில்லை.