திரும்பி நிற்கச் சொன்னவர்

லுணுகலை பஸாரில் தேநீர் குடித்துவிட்டு வந்தபோது எங்கள் கார்க் கதவு திறக்கவில்லை. சாவி சுழன்றது, பூட்டு அசையவில்லை. மகளின் சான்றிதழ்கள் உள்ளே பின் ஆசனத்தில் இருந்தன. பத்து மணிக்குப் பதுளையில் அவளுக்கு ஆசிரியர் வேலைக்கான நேர்முகப் பரீட்சை.

தேநீர்க் கடைக்காரர் ஒரு கராஜ்காரரை அழைத்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். வந்தவர் கதவைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தார்.

"ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

"உள்ள சாமான் இருக்குங்க" என்றேன்.

"நான் எடுத்திருவேன்னு பயமா சேர்? எனக்கு உங்க மேலதான் பயம். தொறக்கிற விதத்தைப் பார்த்துக்கிட்டீங்கன்னா நாளைக்கு வேற ஆளு காரு போயிரும்."

"திரும்புங்கப்பா, நேரமாவுது" என்றாள் மகள். திரும்பினோம். ஒரு நிமிடத்துக்குள் கதவு திறந்த சத்தம் கேட்டது.

உள்ளே கழன்றிருந்த கம்பியை மாட்டி, மூன்று முறை பூட்டித் திறந்து காட்டினார். மகளின் முழுப் பெயரைக் கேட்டு, கோப்பில் இருந்த சான்றிதழோடு ஒப்பிட்ட பிறகே அதை அவளிடம் நீட்டினார்.

"போய்ட்டு வாங்க டீச்சர்."

பிறகு பேனாவை எடுத்து எங்கள் கார் இலக்கத்தைத் தன் முன்கையில் எழுதிக்கொண்டார். அங்கே ஏற்கெனவே நான்கு கார்களின் இலக்கங்கள் இருந்தன.

"இது எதுக்குங்க?"

"களவு போன வண்டின்னு பொலிஸ் வந்தா, நான் தொறந்த வண்டி எதெதுன்னு சொல்லணுமே."

நம்பக்கூடிய பதில்தான். ஆனாலும் பதுளையில் மகள் பரீட்சை முடித்து வரும்வரை நான் காரை விட்டு நகரவில்லை.