வாசலிலேயே முடிந்த பூசை

தையல் கடையில் பொத்தான் தைக்கும் அவளுக்கு நான்கு பிள்ளைகள். பதினோரு வருடமாக ஞாயிறு பூசை அவளுக்கு மாதா கோயில் வாசலிலேயே முடிந்தது. உள்ளே உட்கார்ந்தால் கைப்பிள்ளை வீறிடும். உடனே பத்துத் தலைகள் திரும்பி முறைக்கும், அவர்களெல்லாம் என்னவோ வானத்திலிருந்து குதித்தவர்கள் போல! அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நடப்பாள். ஒரு பிரசங்கத்தையும் முழுதாகக் கேட்டதில்லை. "நான் எங்க ஜெபம் பண்ணேன் சாமி, புள்ளைய ஆட்டிட்டுத்தானே நின்னேன்" என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் ஒருமுறை அழுதும் இருக்கிறாள்.

கடைக்குட்டிக்கு ஐந்து வயதாகி, அப்பா பக்கத்தில் சமர்த்தாக உட்காரத் தொடங்கிய பிறகுதான் அவள் முன்வரிசைக்கு வந்தாள். எல்லோரும் எழுந்து விசுவாசப் பிரமாணம் சொன்னபோது அவளும் வாய்விட்டுச் சொன்னாள். ஆனால் உடம்பு இடமும் வலமுமாக ஆடியது. கை தன் தோளையே தட்டிக்கொண்டிருந்தது.

கணவன் காதருகே குனிந்தான். "கையிலதான் புள்ள இல்லையே, யாரத் தூங்க வெக்கிற?"

அவள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. பீடத்தில் குழந்தையை ஏந்தி நின்ற மாதா சுரூபத்தைக் கண்ணால் காட்டினாள்.

"அந்தம்மா எத்தன வருஷமா தூக்கிட்டே நிக்கிறாங்க, கை கடுக்காதா? கொஞ்ச நேரம் நான் வாங்கிக்கிட்டேன்."