போர்த்தி வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் பாகூர் பக்கம் கம்ப்யூட்டரை யாரும் பார்த்திராத காலத்தில், புதுச்சேரியில் ஓர் அலுவலகம் கழித்துப் போட்டதை என் கணவர் வாங்கி வந்தார். அதில் தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, மகளுக்காகக் கதைகள் எழுதினார். கறுப்புச் சதுர ஃப்ளாப்பியை நுழைத்தால்தான் அது ஓடும். வண்டிக்குச் சாவி மாதிரி என்று நினைத்திருந்தேன்.

போன வருஷம் அவர் இறந்தார். கம்ப்யூட்டரைத் துடைத்து, என் புடவையால் போர்த்தி வைத்தேன். முதல் திதிக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, இனி யார் ஓட்டப்போகிறார்கள் என்று ஃப்ளாப்பிகளைக் குப்பை வண்டியில் போட்டேன்.

திதிக்கு வந்த மகள், அப்பாவின் கதைகளை எடுத்துத் தரச் சொல்லி வில்லியனூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தாள். அவர் திறந்து பார்த்தார்.

"இதுல ஹார்டு டிஸ்கே கெடையாதும்மா. எழுதுனது எல்லாம் ஃப்ளாப்பிலதான் இருக்கும். அத எங்க வச்சிருக்கீங்க?"

நான் குப்பை வண்டி வரும் தெருவைப் பார்த்தேன். மகளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னாம்மா பண்ண அத?" என்றாள், மெதுவாக.

இப்போது அவருடைய கிழிந்த பனியனைக்கூட அவளைக் கேட்காமல் வெளியே போடுவதில்லை. அந்தக் கம்ப்யூட்டரை இன்னும் துடைத்துப் போர்த்துகிறேன், உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும்.