வளைவில் அடித்த ஹாரன்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர்ப் பக்கம் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் முதலில் கற்றுக்கொள்வது மிதிப்பதை அல்ல, திட்டுவதை. பதினாறு வருடமாக நான் அந்த ரோட்டில்தான் போய்வருகிறேன். ஒரு கன்டெய்னர் கிடங்கில் பெட்டிகளின் நம்பரையும் பூட்டு முத்திரையையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை எனக்கு. வலது பக்கம் நாற்பதடி டிரெய்லர், இடது பக்கம் ஜல்லியும் சேறும். நடுவில் எனக்கு மிஞ்சுவது ஒரு முழம் தார். அந்த ஒரு முழத்தையும் விடச் சொல்லி முதுகுக்குப் பின்னாலிருந்து ஒருவன் ஏர் ஹாரனை அமுக்கிக்கொண்டே வருவான். ஒதுங்காதவர்கள் மேல் வண்டியை ஏற்றிவிட்டுப் போனதையும் பார்த்திருக்கிறேன். காசிமேட்டிலிருந்து மீன் பெட்டி கட்டிக்கொண்டு வந்த ஒருவரின் கால் முட்டிக்குக் கீழே தட்டையாகிக் கிடந்தது. அவர் கத்தவில்லை, கொட்டிப்போன மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வேலைக்குப் போனதும் நான் செய்த முதல் காரியம், சீட்டுக்கு அடியில் ஒரு சங்கிலிப் பூட்டைச் சுற்றிவைத்தது. சைக்கிளைப் பூட்டத்தான் என்று வீட்டில் சொன்னேன்.

பொய். எனக்குக் கோபம் பிறவியிலேயே உண்டு. ரோடு அதற்குத் தீனி போட்டது, அவ்வளவுதான். கண்ணாடியை உடைத்திருக்கிறேன், ஓடுகிற வண்டியின் படியில் தொற்றி ஏறிக் கன்னத்தில் அறைந்திருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன். ஒரு கிளீனர் வீல் ஸ்பேனரால் அடித்ததில் என் இடது தோள் இன்னும் மழைக்காலத்தில் வலிக்கும். அடி வாங்கிய நாளைவிட அடித்த நாளில்தான் எனக்கு நன்றாகப் பசிக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ரோட்டில் கடைசியாக நடந்தது இரண்டு வருடம் முன்பு. ஒரு டிரெய்லர் என்னைப் பாலத்து ஓரச் சுவரோடு சேர்த்துத் தேய்த்துவிட்டுப் போனது. முழங்கையில் தோல் இல்லை. துறைமுகத்து கேட்டுக்கு முன்னால் லாரிகள் வரிசையில் நிற்கும் என்று தெரியும், போய்ப் பிடித்துவிட்டேன். கதவைத் திறந்து, சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டேன். அவன் கையைத் தூக்கவே இல்லை. அது எனக்கு இன்னும் வெறி ஏற்றியது. சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு வாயிலேயே குத்தினேன். இரண்டு பல் ரோட்டில் விழுந்தன.

ஸ்டேஷனுக்கு என் மனைவி வந்தாள். அவள் வியாசர்பாடிக்காரி. பையன்களோடு பையனாகப் பந்து உதைத்து வளர்ந்தவள், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். எனக்காக ஜாமீன் கையெழுத்துப் போடத்தான் வந்தாள், ஆனால் என்னிடம் வரவில்லை. பெஞ்சில் வாயைத் துணியால் பொத்திக்கொண்டிருந்த அந்த ஆளிடம் போய் உட்கார்ந்தாள். வடக்கத்திக்காரர். இரண்டு நாளாகத் தூங்காமல் வண்டி ஓட்டி வந்தவர். அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். சமாதானம் பேசி வெளியே வந்த பிறகு வாசலிலேயே நின்று சொன்னாள்.

"இந்தா, நல்லா கேட்டுக்கோ. இன்னொருவாட்டி எவன் மேலயாவது கை வெச்சேன்னு வெய்யி, நான் எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன். திரும்பி வர மாட்டேன்."

"அவன் என்ன சுவத்தோட தேச்சாம்மே."

"நீ இன்னா வேணா சொல்லு. நான் சொல்றத சொல்லிட்டேன்."

சொன்னால் செய்கிறவள். இரண்டு வருடம் நான் கையை அடக்கினேன். ஹாரன் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்ததில் கடைவாய்ப் பல்லில் விரிசலே விட்டுவிட்டது. பிள்ளை இல்லாத வீடு. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு ஒன்றுமே இல்லை.

மலைக்குப் போகலாம் என்றது அவள்தான். கூட வேலை செய்யும் டீச்சர் ஒருவர் சொல்லியிருந்தாராம், கொல்லிமலை ரோட்டில் வார நாளில் வண்டியே இருக்காது என்று. எழுபது கொண்டை ஊசி வளைவு. ஆளுக்கொரு கியர் சைக்கிளை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தோம், ஞாயிறு காலையில் மீஞ்சூர் வரைக்கும் போய்வருவோம். "ஹாரனே இல்லாத ரோட்ல நீ எப்டி கீறேன்னு பாக்கணும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அது ஒரு பரீட்சை என்று எனக்குத் தெரியும்.

காரவள்ளியிலிருந்து விடியற்காலையில் ஏறத் தொடங்கினோம். அவள் முன்னால், நான் பின்னால். ஏற்றத்தில் அவளை நான் பிடிக்கவே முடியாது. ரோடு அருமையான ரோடு, சலவை செய்த வேட்டி மாதிரி. முதல் இருபது வளைவில் ஒரே ஒரு பேருந்து. ஒவ்வொரு திருப்பத்திலும் மஞ்சள் பலகையில் 'ஹாரன் அடிக்கவும்' என்று எழுதியிருந்தது. "எங்க ஊர்ல எவனும் சொல்லாமலே அடிப்பான்டா" என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அதன் பிறகுதான் ஆரம்பித்தது. அந்த அமைதியை எனக்குப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். பிடிக்கவில்லை. பயமாக இருந்தது. என் மூச்சு கேட்டது, செயின் கேட்டது, முன்னால் அவள் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. வேறு எதுவும் இல்லாததால் என் மண்டைக்குள் இருப்பதும் கேட்க ஆரம்பித்தது. மண்டைக்குள் நான் யாரையோ அடித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் எண்ணூரில் என்னைச் சேற்றில் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டே போன ஒரு டிரைவர். அன்று விட்டுவிட்டேன், இப்போது விடவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு குத்து. நாற்பதாவது வளைவில் அவன் முகத்தில் மூக்கே இல்லை. சுற்றிலும் பச்சை, பனி, ஏதோ ஒரு குருவி. மேலே போய்ச் சேர்ந்தபோது அவள், "எப்டி கீது?" என்றாள். "சூப்பர்மே" என்றேன்.

செம்மேட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் இறங்கினோம். இறக்கத்தில் நான்தான் வேகம். அவள் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து நிதானமாக வருவாள், நான் முன்னால் போய்விடுவேன், கீழே பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு. மலையில் போனுக்கு டவரும் கிடைக்கவில்லை. ஆறேழு வளைவு தாண்டியிருப்பேன். பின்னாலிருந்து ஹாரன் வந்தது.

ஒரு தடவை இல்லை. விடாமல். திரும்பிப் பார்த்தேன், அன்னாசிப்பழம் ஏற்றிய ஒரு மினி வேன். ரோடு முழுக்கக் காலியாகக் கிடக்கிறது, அவனுக்கு என் ஒரு முழம்தான் வேண்டும். எனக்குக் காது அடைத்துப்போனது. ஒதுங்கவில்லை. நடு ரோட்டில் ஓட்டினேன். அவன் வலதில் வந்தால் வலதில் போனேன், இடதில் வந்தால் இடதில் போனேன். ஐந்து வளைவு அவனை அப்படி மறித்தேன். அவன் ஹாரனை நிறுத்தவில்லை. கையை வெளியே நீட்டி ஏதோ கத்தினான். அதுவும் திட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆறாவது வளைவு அகலம். அதில் உள்பக்கமாகப் புகுந்து என்னைத் தாண்டி, வண்டியைக் குறுக்கே போட்டு நிறுத்தினான். இறங்கி என்னைப் பார்த்து ஓடி வந்தான். நான் சைக்கிளைக் கீழே போட்டபோதே, இதிலும் சீட்டுக்கு அடியில் சுற்றிவைத்திருந்த சங்கிலி என் கையில் இருந்தது.

முதல் அடியைத் தடுக்க இடது கையைத் தூக்கினான். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அவ்வளவு அமைதியான ரோடு அது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவதற்கு சங்கிலியை விட்டுவிட்டு முஷ்டியால் மூக்கில் குத்தினேன். அவன் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். ரத்தம் மீசை வழியாக வாய்க்குள் போனது. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இரண்டு வருடத்துப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இன்னொன்று போடக் கையை ஓங்கினேன்.

அப்போதுதான் அந்த ஆள் துப்பிவிட்டுச் சொன்னார்: "சார், உங்க கூட வந்த அம்மா மேல வளைவுல விழுந்து கெடக்குறாங்க சார். என்னால தனியா தூக்க முடியல. மஞ்சச் சட்டைக்காரரைப் புடிச்சுக் கூட்டியாங்கன்னு அவங்கதான் அனுப்புனாங்க."

ஓங்கின கை அப்படியே நின்றது. நான்தான் மஞ்சள் சட்டை.

வேனில் ஏறினேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, சைக்கிளைத் தவிர எதுவும் தெரியாது. அவரைத்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. அவர் எழுந்து வந்து, உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். வலது கையால் திருப்பினார். கியரை நான் மாற்ற வேண்டும். கிளட்சை மிதித்துவிட்டு "ஒண்ணு" என்பார், "ரெண்டு" என்பார், நான் தள்ளுவேன். தப்பாகப் போட்டால் வண்டி உறுமி நின்றுவிடும். நான் கியருக்குக் கையை நீட்டும் ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைக் கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டார். வழியில் எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. அந்த ரோட்டில் அன்று காலை எங்களுக்கு இருந்தது அவர் ஒருவர்தான்.

அவள் ரோட்டோர மதகுக் கட்டையில் சாய்ந்து கிடந்தாள். வளைவில் கிடந்த மண்ணில் சைக்கிள் சறுக்கியிருக்கிறது. வலது காறை எலும்பு தோலுக்கு அடியில் குத்திக்கொண்டு நின்றது, நெற்றியில் சதை பிளந்து கண்ணை மூடியிருந்தது. வேட்டை முடிந்த இடம் மாதிரி ரோடெல்லாம் ரத்தம். "இன்னாய்யா இவ்ளோ நேரம்?" என்றாள். அவளைத் தூக்கினேன். அவள் கத்தியது மலையில் இரண்டு தடவை கேட்டது.

அவளைக் கதவோரம் வைத்து, நான் நடுவில் உட்கார்ந்து கியர் மாற்றினேன். மேலே ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். என் முஷ்டியைப் பார்த்தாள். என்னைத் தாண்டி, அவர் மடியில் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்த கையைப் பார்த்தாள்.

டாக்டர் கேட்டதற்கு வேன்காரர், "வேன் கதவு அடிச்சிருச்சுங்க" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன். "அந்தம்மா இருக்குற நெலைமைல எதுக்கு சார்?" என்றார். அவர் என்னைத் திருப்பி அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அவளுக்குத் தையல் போட்டுத் தோளைக் கட்டிய பிறகு உள்ளே விட்டார்கள். கட்டிலருகில் நின்றேன்.

"கதவாமே?" என்றாள்.

பொய்யை ஒருவர் ஏற்கெனவே எனக்காகச் சொல்லி முடித்திருந்தார். தலையை ஆட்டினால் போதும். அழுகை வந்துவிட்டது. "நாந்தாம்மே. உன்னப் பத்தி சொல்லத்தான் வர்றாருன்னு எனக்கு சத்தியமா தெர்ல. தெரிஞ்சிருந்தா அவர் கால்லயே உழுந்திருப்பேன்."

அவள் விட்டத்தைப் பார்த்தாள். வலி நிற்கவில்லை, பேச்சு விட்டுவிட்டுத்தான் வந்தது.

"எனக்காக வந்தாருன்னு தெரிஞ்சதாலதான் நீ அழுவுறே. அந்த ஆளு சும்மா ஹாரன் அட்ச்சிகினு வந்திருந்தா?"

அவளிடம் பொய் செல்லாது. அந்த வளைவில் என் உடம்பு எவ்வளவு லேசாக இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

"சும்மா ஹாரன் அட்ச்சிருந்தா, அவன அட்ச்சிப் போட்டுட்டு இந்நேரம் கீழ உன்னோட உக்காந்து பரோட்டா துன்னுகினு இருப்பேன்" என்றேன். "உன்னாண்ட சொல்லியிருக்கவும் மாட்டேன்."

அவள் திட்டவில்லை. இத்தனை வருடத்தில் நான் அவளிடம் சொன்ன நேர்மையான வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். கட்டுப்போடாத கையால் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

"எங்கண்ணனுக்கு போன் போட்டு வரச் சொல்லு" என்றாள். "அம்மா வூட்டுக்குத்தான்னு சொல்லிடு."

வராந்தாவில் ஒரு மூலையில் மட்டும் டவர் கிடைத்தது. அங்கே போய் நின்று போட்டேன்.