அப்பா பார்க்க வந்த அரிசி மயில்

ஷாப்பிங் மாலில் அரிசிக் கோலம் போடுகிறவர்களுக்கு விரோதிகள் மூன்று: ஓடி வரும் குழந்தை, பின்பக்கமாக நடந்து செல்ஃபி எடுப்பவர், நமக்கே வரும் தும்மல். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இங்கே மலேசியாவில் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை எந்த மாலுக்குப் போனாலும் நடுக்கூடத்தில் கலர் அரிசியில் பெரிய கோலம் ஒன்று கிடக்குமே, அதைக் குந்தியபடி போடும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. என் கூட்டாளி சுமதி. நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்த்துவிட்டு, நிமிரும்போது “அம்மாடி” என்று முனகும் அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இந்தத் தொழிலில் எனக்கு ஒரே ஓர் ஆசை. நான் போட்ட கோலத்தை அப்பா ஒரு தடவையாவது வந்து பார்க்க வேண்டும். அவர் வேலை பார்த்த காலமெல்லாம் கிள்ளானில் ஓர் அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். ஒரு மணி அரிசி கீழே சிந்தினாலும் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவர் பெற்ற மகளோ மூட்டை மூட்டையாக வாங்கிச் சாயம் ஏற்றித் தரையில் கொட்டுகிறாள். ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுவேன். ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில்தான் வரும்: “காலடியில கொட்டுற சோத்தை நான் வந்து வேற பாக்கணுமா?”

ரோஸ் கலர் சோறு

ஒரு தடவை தாமரைக் கோலத்துக்காக அரிசிக்கு ரோஸ் கலர் ஏற்றி, காய வைத்து, மிச்சத்தை ஒரு டின்னில் போட்டு அடுப்படியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். என் வீட்டுக்காரர் சேகருக்கு அன்றைக்கென்று பொறுப்பு வந்துவிட்டது. மனைவி களைத்து வருவாள், சோறாவது ஆக்கி வைப்போம் என்று கைக்கு எட்டிய டின்னிலிருந்து அளந்து போட்டு, ரைஸ் குக்கர் பொத்தானை அமுக்கிவிட்டார். கண்ணாடி போடவில்லையாம்.

நான் வந்து பார்த்தால் சாப்பாட்டு மேசையில் கல்யாண வீட்டுக் கேசரி மாதிரி ஒரு குண்டான் சோறு. நல்லவேளை, கேக்குக்குப் போடும் கலரைத்தான் கலந்திருந்தேன், உயிருக்குப் பயமில்லை. கொட்டிவிடலாம் என்று எடுத்தபோது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். தட்டை நகர்த்தி, மீன் குழம்பை ஊற்றி, இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்:

“இது வரைக்கும் நீ போட்டதுலயே இதாம்மா நல்ல கோலம்.”

நாயகனுக்குப் பாலாபிஷேகம்

ஒரு வருஷம் தீபாவளிக்கு வரும் புதுப் படத்தின் கதாநாயகன் முகத்தையே கோலமாகப் போடச் சொன்னார்கள். மாலின் விளம்பரப் பிரிவில் இருக்கும் பிரவின் தம்பியின் யோசனை அது. மூக்கு சரியாக வருவதற்குள் எங்கள் முதுகு போய்விட்டது. ஆனால் முடித்ததும் மேல்மாடியிலிருந்து பார்த்தால் ஆள் அப்படியே சிரித்தார். அப்பாவிடம் போனில் படத்தைக் காட்டினேன். “யாரு இது, நம்ம லோரி டிரைவரா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் செந்தூலிலிருந்து ரசிகர் கூட்டம் வந்தது. மாலை போட்டார்கள், சரி. சூடம் கொளுத்தப் பார்த்தார்கள், பாதுகாவலர் ஓடி வந்து பிடுங்கினார். அந்தக் கலவரத்தில் ஒருவர் பையிலிருந்து பால் பாக்கெட்டைக் கிழித்து, பயபக்தியோடு நாயகன் முகவாயில் ஊற்றிவிட்டார். அரிசியில் பால் விழுந்தால் என்ன ஆகும்? பழுப்பும் கறுப்பும் கலந்து குழைந்து போனது. ஊறிப்போனதை அள்ளிப் போட்டுவிட்டு, கறுப்பு அரிசியால் அவருக்கு ஒரு தாடி வைத்துச் சமாளித்தோம். படத்தில் அவருக்குத் தாடி கிடையாது. நான் முறைத்த முறைப்பில் பால் ஊற்றியவர் இரண்டு கையையும் கூப்பினார்:

“கோவிச்சிக்காதீங்கக்கா, தாடியிலதான் அண்ணன் இன்னும் மாஸா இருக்காரு லா!”

அன்னதானக் கட்டம்

அடுத்த வருஷம் பிரவினுக்கு இன்னொரு யோசனை. கோலத்தின் நடுவில் போன் வைத்துப் பார்க்கும் அந்தக் கறுப்பு வெள்ளை கியூஆர் கட்டத்தை அரிசியிலேயே போட வேண்டுமாம். கோடு கொஞ்சம் வளைந்தாலும் வேலை செய்யாது. சுமதி அடிக்கோலை வைத்து அளந்து அளந்து போட்டாள். வேலையும் செய்தது. கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கிய ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோலத்தைக் கும்பிட்டு, போனை நீட்டினார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தவர் என்னிடம் திரும்பினார்:

“ஏம்மா, அன்னதானத்துக்குக் காசு போடுற கட்டம்னு நெனச்சா, செருப்பு சேல்ஸ்னு வருதே?”

சுவர் ஏறிய யானை

பங்சாரில் ஒரு வழக்கறிஞர். வீடு முழுக்க ஓவியம் மாட்டியிருப்பவர். மாலில் எங்கள் யானையைப் பார்த்து மயங்கிவிட்டார். “இதைக் கூட்டித் தள்ளுறது பாவம் சிஸ்டர், எனக்கு ஒண்ணு சுவர்ல மாட்டுற மாதிரி செஞ்சு கொடுங்க” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய பலகையில் பசை தடவி, மணி மணியாக ஒட்டி, யானை ஒன்றை ஊர்வலக் கோலத்தில் செய்து முடித்தோம். அவர் வரவேற்பறையில் அதற்கென்று தனி விளக்கே போட்டார்.

எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று இருந்தது. “தரையில இல்லப்பா, சுவர்ல இருக்கு. யாரும் மிதிக்க முடியாது” என்று சொன்னதும் அப்பா யோசித்தார். “செவுத்துல இருந்தா வரேன்” என்றார். அந்தச் சனிக்கிழமைக்குச் சட்டையைக்கூட இஸ்திரி போட்டு வைத்துவிட்டார். நான் செய்த ஒன்று அழியாமல் இருக்கிறது, அதை அப்பா பார்க்கப் போகிறார் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வழக்கறிஞர் கூப்பிட்டார். அரிசிக்குள் வண்டு வைத்துவிட்டது. வண்டுகள் யானையின் தும்பிக்கையிலிருந்து புறப்பட்டுப் பக்கத்து ஓவியங்களுக்கெல்லாம் விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து பின்வாசலில் சாய்த்து வைத்தோம். அப்பா எட்டிப் பார்த்தார். அதற்குள் யானைக்குக் காது இல்லை, கால் இல்லை. உள்ளே போய்ச் சட்டையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போனில் அந்த வழக்கறிஞர் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை:

“சிஸ்டர், உங்க ஆர்ட் நடக்க ஆரம்பிச்சிருச்சு, சீக்கிரம் வாங்க!”

மயில்

போன தீபாவளிக்கு பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு மாலில் மயில் போட்டோம். நான் இத்தனை வருஷத்தில் போட்டதிலேயே நல்ல கோலம் அதுதான். தோகைக்கு மட்டும் பச்சையில் நாலைந்து வகை கலந்தேன். அந்த அரிசி வீட்டு வாசலில் காய்ந்தபோது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காகங்களை விரட்டிக்கொண்டிருந்தார். நான் அள்ளிக் கொண்டுபோன பிறகு கீழே கிடந்த பச்சை மணிகளை அவர் பொறுக்கிக் கண்ணில் ஒற்றுவதைப் பார்த்தேன். சாயம் ஏற்றிய அரிசிக்கு அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவர், தலையைத் துவட்டியபடியே கேட்டார்: “அந்த மயில் எத்தன நாளைக்கு இருக்கும்?” ஞாயிறு வரைக்கும் இருக்கும் என்று பிரவின் சொல்லியிருந்தான். அதையே சொன்னேன். “சரி, விருந்தாளிங்க எல்லாம் வந்து போவட்டும், சனிக்கிழம போவோம்” என்றார். நான் அடுப்படிக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கிள்ளானில் கொமுட்டர் ஏறினோம். அதே இஸ்திரிச் சட்டை. மால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. உள்ளே போனால் நடுக்கூடத்தில் பெரிய கிறிஸ்துமஸ் மரம் பாதி நிற்கிறது, பஞ்சுப் பனி கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். துப்புரவுப் பணியாளர் வேக்குவம் மெஷினால் கடைசி அரிசியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பிரவின் ஓடி வந்தான். “சாரிக்கா, மரம் முன்னாடியே வந்து இறங்கிருச்சு, நான் என்ன செய்ய?” என்றான். அவனும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவன்தான். அவனிடம் கோபித்து என்ன ஆகப் போகிறது? ஆனாலும் ஒரு நாள் முன்னால் கூட்டிவந்திருக்கலாமே என்று இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

அப்பா நேராகத் தூண் ஓரம் இருந்த கறுப்புப் பைகளிடம் போனார். ஒன்றை அவிழ்த்துக் கைவிட்டு ஒரு பிடி எடுத்தார். பச்சை, நீலம், மஞ்சள் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. உள்ளங்கையில் பரப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, “மயிலு மூஞ்சி எந்தப் பக்கம்மா இருந்துச்சு?” என்று கேட்டார். ஸ்டேஷன்லேருந்து ஆளுங்க வர்ற வாசல் பக்கம்ப்பா என்றேன். அவர் திரும்பி, நாங்கள் வந்த வாசலைப் பார்த்தார். அந்தப் பிடி அரிசியைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்:

“அப்ப நான் வர்றேனான்னுதாம்மா பாத்துக்கிட்டு இருந்திருக்கு.”

இந்தத் தொழிலில் அழியாமல் நிலைத்து நிற்பது எங்கள் முழங்கால் வலி ஒன்றுதான், அதை மட்டும் யாரும் செல்ஃபி எடுக்க வருவதில்லை.