பேனா ஸ்டாண்டில் ரசம்

பீங்கான் தொழிலில் இருப்பவன் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பான், பிறகு விரலால் தட்டிக் காதைக் கொடுப்பான். கணீரென்றால் நல்ல சரக்கு, பொத்தென்றால் உள்ளே எங்கோ விரிசல். விருத்தாசலத்தில் பொம்மையும் பேனா ஸ்டாண்டும் செய்து, மாதம் ஒருமுறையோ இருமுறையோ லோடு வண்டியில் ஏற்றி, சென்னைக் கடைகளுக்குப் போடுகிறவன் நான். ஐம்பது தாண்டியும் இந்தத் தட்டும் பழக்கம் என்னை விடவில்லை.

போன வருஷம் என் மகள் நிவேதா சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். நான் அனுப்புவது ஹாஸ்டலுக்குப் போக, கைச்செலவுக்கு ஏதோ கொஞ்சம்தான் மிஞ்சும். பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டு, சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் ‘அது என்ன சாப்பிட்டதோ’ என்று நினைக்கிறவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. கஷ்டம் என்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், அந்த வண்டியிலேயே கூட்டிவந்து நம்மூர் காலேஜில் சேர்த்துவிடுவது என்று யாரிடமும் சொல்லாமல் ஒரு முடிவு வைத்திருந்தேன். அதற்காகவே ஒவ்வொரு லோடுக்கும் நானே போனேன்.

நாலு பேருக்கு ஒரு காபி

முதல் தடவை அவள் என்னை வரச்சொன்ன இடம் ஏசி போட்ட ஒரு காபிக் கடை. மேஜையைச் சுற்றி நிவேதாவும் மூன்று தோழிகளும் புத்தகத்தைப் பிரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு கப்.

“ஹாஸ்டல்ல ஃபேன் சரியா சுத்தாதுப்பா. இங்க ஒரு காபி வாங்குனா ரெண்டு மணி நேரம் ஏசி.”

“ஃபேன் சுத்தலன்னா கஷ்டம்தான?” என்று நான் எடுத்துக்கொடுத்தேன்.

“அதான் இங்க வந்துட்டமே” என்றாள்.

கை சும்மா இருக்காமல், அந்தக் கப்பை எடுத்து எந்த ஊர்ச் சரக்கு என்று பார்க்கக் கவிழ்த்தேன். குடித்து முடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். முடித்தால் எழுந்து போகச் சொல்வார்கள் என்று, அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்திருக்கிறார்கள். அது மொத்தமும் என் வேட்டியில். துடைக்கத் துணியோடு வந்த பையன் நால்வரையும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்: “சார், இவங்க கப்பு எப்ப காலியாகும்னு நாங்க தெனம் காத்துக்கிட்டு இருக்கோம். நீங்க வந்த ஒரே நிமிஷத்துல முடிச்சிக் குடுத்துட்டீங்க.”

பஸ் எங்கே முடிகிறதோ

சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பது நமக்கும் தெரிந்ததுதான். அதை வைத்தே ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்பது இந்தப் பெண்களின் கண்டுபிடிப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கிற பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் பிடித்து, அது எங்கே முடிகிறதோ அங்கே இறங்குவார்கள். கடல் இருந்தால் கடல், சந்தை இருந்தால் சந்தை. பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

ஒருநாள் நானும் கூடப் போனேன், மடியில் ஒரு பெட்டி பொம்மையோடு. வழியெல்லாம் நிவேதா ஊரைப் பார்த்தாள். நான் அவள் கன்னம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். கண்டக்டர் வந்து நின்றார். “பொண்ணுங்களுக்கு ஃப்ரீ. உங்களுக்கு ஒரு டிக்கெட், பொட்டிக்கு ஒரு டிக்கெட். அவங்க ஜாலியா ஊர் சுத்தறாங்க பெரியவரே, செலவெல்லாம் நீங்கதான்.”

ரசம் பத்தல

பளபளப்பு சரியாகப் பிடிக்காத பேனா ஸ்டாண்டுகளைக் கடைக்காரர்கள் எடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்டதில் கொஞ்சம் பொறுக்கி, மேஜையில் அழகுக்கு வைக்கட்டும் என்று ஹாஸ்டலுக்குக் கொடுத்திருந்தேன். அடுத்த தடவை போனபோது வாசலில் பார்வையாளர் உட்காரும் இடத்தில் எனக்கு ரசம் வந்தது, என் பேனா ஸ்டாண்டிலேயே. அறையில் எல்லாருக்கும் காபி, நூடுல்ஸ், ரசம் எல்லாம் அதில்தானாம்.

தம்ளர் வாங்கக்கூட வழியில்லையா இவர்களுக்கு? ரசத்தைக் கீழே வைத்துவிட்டு, “இப்படித்தான் கஷ்டப்படறீங்களாம்மா?” என்று நிவேதாவின் அறைத்தோழி ஷாலினியிடம் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். வந்துவிட்டது வார்த்தை என்று நினைத்தேன். “ஆமா அங்கிள், ரசம் பத்தல. அடுத்த லோடுல கொஞ்சம் பெரிய பேனாவுக்கான ஸ்டாண்டா போடுங்க.”

இன்றைக்கு என்ன சாம்பார்

எங்கள் வண்டி ஓட்டுகிற முருகேசன் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னான். “அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. போன சனிக்கெழம மயிலாப்பூர் பக்கம் ஒரு கோயில்ல அன்னதான வரிசையில நம்ம பாப்பா நின்னாங்க.”

அடுத்த சனிக்கிழமை லோடே இல்லை. பஸ் ஏறிப் போனேன். இனி வார்த்தைக்குக் காத்திருப்பதில்லை, கையோடு கூட்டிவந்துவிடுவது. வரிசையில் நின்றால்தான் உள்ளே விடுவார்கள் என்றதால் நானும் நின்றேன். பந்தியில் உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிர் வரிசையில் தோழிகளோடு நிவேதா. சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. “அப்பா, வியாபாரம் அவ்ளோ மோசமாவா இருக்குது?”

பரிமாறுகிறவர் அதற்குள் சோற்றைப் போட்டுவிட்டார். பூசணிக்காய் சாம்பார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன் என்பதை மறைப்பானேன்.

வெளியே வந்து குளத்துப் படியில் உட்கார்ந்தோம். “வூட்டுக்கு வந்துடு” என்றேன். சனிக்கிழமை மதியம் மெஸ் கிடையாதாம். இங்கே சாப்பிட்டால் ஹோட்டலுக்குக் கொடுக்கிற காசு மிஞ்சுமாம். போன வாரம் அதில் மெட்ரோ ஏறி, ஏர்போர்ட் வாசல் வரை போய், பிளேன் பார்த்துவிட்டு வந்தார்களாம். கண்ணெல்லாம் விரியச் சொன்னாள். இவள் கஷ்டப்படவில்லை என்று தெரிந்ததும் எனக்குள் ஏன் ஒரு சின்ன ஏமாற்றம்? யாருக்காக இத்தனை நாள் அந்த ஒரு வார்த்தையைத் தேடினேன்? எனக்காகத்தான் என்று தெரிந்தும், “ஒடம்பு எப்படி இருக்குது? நைட்டு தூங்கறியா?” என்று மறுபடி ஆரம்பித்தேன். நிவேதா என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். “தெனம் போன்லயும் இப்படியே தட்டித் தட்டிப் பாக்கறீங்கப்பா. ரொம்பத் தட்டுனா நல்ல கப்பும் ஒடஞ்சிடும்னு நீங்கதான சொல்லுவீங்க. விரிசல் வுட்டா நானே சொல்றேன்.”

அன்றிலிருந்து நான் போனில் அவள் சாப்பிட்டாளா என்று கேட்பதில்லை. சனிக்கிழமைகளில் மட்டும், இன்றைக்குக் கோயிலில் என்ன சாம்பார் என்று விசாரித்துவிட்டு, அவள் குரல் கணீரென்று இருக்கிறதா என்று பேசாமல் கேட்டுக்கொள்கிறேன்.