வெள்ளை டைல்ஸ் போட்ட கடை

மரக்காணத்தில் அப்பா துணிக்கடை திறந்தபோது எனக்குப் பத்து வயது. அதுவரை புதுச்சேரியில் ஒரு காண்டிராக்டரிடம் இருந்துகொண்டு கடைகளுக்கு உள்வேலை செய்தவர் அவர். யார் யார் கடைக்கோ சீலிங்கும் ஷோகேஸும் போட்டுக் கொடுத்தவர், சொந்தக் கடை என்றதும் எதையும் விட்டுவைக்கவில்லை. சுவரில் கண்ணாடி, மேலே ஃபோகஸ் லைட், கீழே வெள்ளை டைல்ஸ். டைல்ஸ் சேரும் இடத்தில் மேடு பள்ளம் இருக்கக் கூடாது என்று மண்டியிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். நானும் வைத்துப் பார்த்தேன். தரைக்குள் இன்னொரு லைட் எரிந்தது.

பள்ளி திறக்கும் சமயம். அலமாரி நிறைய யூனிஃபார்ம். பள்ளி திறந்துவிட்டால் அதை யாரும் வாங்கமாட்டார்கள். இந்தச் சரக்கு போகாவிட்டால் கடையை மூடிவிட்டுப் பழைய வேலைக்கே போக வேண்டும் என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது.

உப்பளத்து வேலை முடிந்து பெண்கள் நேராகக் கடைக்கு வந்தார்கள். வந்து, செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டு, வாசலிலேயே நின்றார்கள்.

"உள்ள வாங்கக்கா" என்பேன்.

"வேணாம் பாப்பா, காலெல்லாம் சேறு. அங்கருந்தே காட்டு."

அங்கிருந்து காட்டினால் பாவாடையின் அளவு எப்படித் தெரியும்? சற்று நேரம் பார்த்துவிட்டு, சிமெண்டுத் தரை போட்ட பழைய கடைக்குப் போய்விடுவார்கள்.

ஏன் நிற்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆராய்ச்சியாகிவிட்டது. வெளிச்சம் போதவில்லை என்று அப்பா இன்னும் இரண்டு லைட் போட்டார். தரை மேலும் பளபளத்தது. பிறகு ரோஜாப்பூ போட்ட கால்மிதி ஒன்றை வாசலில் விரித்தார். கோலத்துக்கு ஒதுங்குவதுபோல அதற்கும் ஒதுங்கி நின்றார்கள்.

கல்யாணத்துக்கு முன்பு அம்மாவும் உப்பளத்தில் கூடை சுமந்தவள்தான். இப்போது தினமும் காலையில் கடையைத் துடைப்பது அவள் வேலை.

ஒருநாள் துடைத்து முடித்ததும் வெளியே போனாள். செருப்பைப் படியோரம் விட்டாள். குழாயடிச் சேற்றில் இரண்டு காலையும் நன்றாக அழுத்தி எடுத்தாள். வாசலிலிருந்து யூனிஃபார்ம் அலமாரி வரைக்கும் நிதானமாக நடந்தாள்.

"ஏய், என்னா பண்ற? இப்பதான தொடச்ச?" என்றார் அப்பா.

"தொடச்சேன். இப்ப நடக்குறேன்."

"பைத்தியமா உனக்கு?"

"நீங்க கன்னத்தையே வச்சீங்க. நான் கால வைக்கக் கூடாதா?"

நான் தரை துடைக்கும் துணியோடு ஓடினேன். "வுடு, காயட்டும்" என்றாள் அம்மா.

வெயில் ஏறியதும் தூக்குவாளியோடு ஓர் அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னிக்கித் தொடைக்கலியா?"

"நடக்கற எடத்த எத்தினி வாட்டி தொடைக்கிறது? வாங்க."

அந்த அக்கா குனிந்து பார்த்தாள். பிறகு, வரப்பில் நடப்பதுபோல, அம்மாவின் காலடி ஒவ்வொன்றின்மேலும் தன் காலை வைத்து உள்ளே வந்தாள்.

"ஏய், அவ போய்ட்டாடி" என்று சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு பேர் பின்னால் ஏறினார்கள்.

மதியத்துக்குள் தரையின் நிறம் தெரியவில்லை. அலமாரியில் பாதி காலி. அப்பா சட்டைகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் பக்கெட்டை எடுத்தேன். வாசல் பக்கத்தை மட்டும் துடைக்க வேண்டாம் என்றாள் அம்மா. காய்ந்த காலடிகளைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். சேற்றை மிதிக்கப் போனவள் எதற்காகச் செருப்பைக் கழற்றினாள்? அது அப்பா வாங்கித் தந்த புதுச் செருப்பு. பாழாகிவிடும் என்று பயந்திருப்பாள் என அன்றைக்கு நானே முடிவு செய்துகொண்டேன்.